அக்காவின் பிறசரும் கரையும் வாங்கியும்

முதலில் கழற்ற முடியாமல் போனது அக்காவின் கலியாண மோதிரம். சவர்க்காரம் போட்டுப் பார்த்தோம், நல்லெண்ணெய் பூசிப் பார்த்தோம், விரல் சிவந்ததுதான் மிச்சம். "உடம்பு ஊதுறது நல்லதுதான் பிள்ளை, உள்ளுக்குப் பிள்ளை ஊறுது" என்றா பக்கத்து வீட்டு ஆச்சி. அக்காவுக்கு அப்போது 30ஆவது வாரம். இரண்டு நாளாகத் தலையிடி என்று பனடோல் போட்டுக்கொண்டிருந்தா. நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சித்திரை மாத யாழ்ப்பாண வெயிலில் யாருக்குத்தான் தலை இடிக்காது?

மோதிரத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டவ எங்கட பகுதி மிஸ்ஸி. குடும்பநல உத்தியோகத்தர் என்பதுதான் பதவியின் பெயர், ஆனால் ஊருக்கு அவ இன்னமும் மிஸ்ஸிதான். வீடு பார்க்க வந்தவ ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அக்காவின் காலை ஒரு விரலால் அமத்தினா. பள்ளம் விழுந்தது, எழும்பவே இல்லை. "தலையிடிக்குதோ? கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்கிற மாதிரி இருக்கோ?" அக்கா ஓம் என்றா. "ஓட்டோவைக் கூப்பிடுங்கோ. இப்பவே."

கிளினிக்கில் பிறசர் 170/110. சிறுநீரில் நனைத்த மஞ்சள் பட்டி பச்சையாக மாறியது. அதற்குப் பிறகு எல்லாம் அவசரம்: அம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, மக்னீசியம் சல்பேற்று. அந்த மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் நெருப்பு வைத்த மாதிரி இருந்ததென்று அக்கா இப்பவும் சொல்லுவா. பிள்ளையின் சுவாசப்பைக்காக ஊசி போட்டார்கள். நாலாம் நாள் சத்திரசிகிச்சை. பிள்ளை பிறக்கும்போது 1 கிலோ 300 கிராம். என்னுடைய ஒரு கைக்குள் அடங்கும். ஐந்து கிழமை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான்.

இரண்டு பேரும் தப்பினார்கள். கதை இந்த இடத்தில் முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

*

வீட்டுக்கு வந்த பிறகுதான் விசாரணை தொடங்கியது. பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருந்தது. ஊறுகாயும் கருவாடும் கூடிப் போச்சு. வேலைக்குப் போய் வந்தவ, ஓய்வு எடுக்கேல்லை. போனை நெஞ்சில வைச்சுக்கொண்டு படுக்கிறவ. கண்ணூறு. கோவக்காரி, அதுதான் பிறசர் ஏறினது. கடைசியாகச் சொன்னது அக்காவின் மாமியார். அவவை நானும் மாமி என்றுதான் கூப்பிடுவேன். "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான், கவனமா இரு பிள்ளை எண்டு. கேட்டால்தானே" என்றா மாமி.

அக்கா ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. அவ வாய்க்காரி. சின்னனில் என்னை ஏசி ஏசியே வளர்த்தவ. அன்றைக்கு இரவு பிள்ளைக்குப் பால் எடுத்துக்கொண்டிருக்கும்போது கேட்டா:

"நீ பயோ படிச்சனி தானே? உண்மையைச் சொல்லு. நான் என்ன பிழை விட்டனான்?"

நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள், கம்பஸிலும் அதைத்தான் படிக்கிறேன். சூல்வித்தகத்தின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து பெயர் குறிப்பேன். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. "தெரியேல்லை அக்கா" என்றேன். அவ தலையை ஆட்டினா. அந்தத் "தெரியேல்லை"யை அவ "உன்ர பிழைதான்" என்று விளங்கிக்கொண்டா என்பது எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

*

அக்காவுக்கு வந்ததன் பெயர் பிறீ-எக்லம்சியா. தமிழில் முன்சூல்வலிப்பு. வலிப்பு வந்துவிட்டால் எக்லம்சியா, சூல்வலிப்பு. உலகத்தில் 100 கர்ப்பங்களில் 2 முதல் 8 வரையானவற்றில் இது வருகிறது. கர்ப்பத்தின் 20ஆவது வாரத்துக்குப் பிறகு பிறசர் ஏறும், பெரும்பாலும் சிறுநீரில் புரதம் போகும். சிலருக்கு ஈரல், மூளை, குருதிச் சிறுதட்டு என்று எல்லாமே பாதிக்கப்படும்.

இந்த நோயைப் பற்றி வைத்தியர்களுக்கு நெடுங்காலமாகவே ஒன்று தெரியும். சூல்வித்தகம், அதாவது எங்கட ஆக்கள் சொல்லுகிற நச்சுக்கொடி, வெளியே வந்தால் நோய் இறங்கத் தொடங்கும். பிள்ளையே இல்லாமல் கொடி மாதிரியான இழையம் மட்டும் வளருகிற முத்துப்பிள்ளைக் கர்ப்பத்திலும் இது வருவதுண்டு. ஆகவே கோளாறு பிள்ளையில் இல்லை, கொடியில். ஆனால் வயிற்றுக்குள் ஒரு மூலையில் இருக்கிற கொடி, தாயின் மூளை, கண், சிறுநீரகம், ஈரல் எல்லாவற்றையும் எப்படி ஒரே நேரத்தில் தாக்குகிறது? ஏதோ ஒன்று குருதியில் கலந்து ஊர் முழுக்கப் போகவேண்டும். அது என்ன என்பதுதான் நூறு வருடக் கேள்வி.

விடையின் பெரிய பகுதி 2003இல் வந்தது. அதைக் கொண்டுவந்த குழுவை நடத்தியவர் ஆனந்த் கருமஞ்சி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்காவுக்குப் போன சிறுநீரக வைத்தியர். மகப்பேற்று வைத்தியர் இல்லை, சிறுநீரக வைத்தியர். பொஸ்ரனில் அவரும் ஷரன் மேனார்டும் மற்றவர்களும் நோய் வந்த தாய்மாரின் கொடிகளையும் நோய் வராதவர்களின் கொடிகளையும் எடுத்து, எந்த மரபணு எதில் கூட வேலை செய்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோய் வந்த கொடிகளில் ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. அதன் பெயர் எஸ்-ஃபிளிற்-1. அது ஒரு கரையும் வாங்கி.

*

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் உள்ள கலங்கள் ஒன்றோடொன்று கதைத்துக்கொண்டுதான் உயிர் வாழ்கின்றன. ஒரு கலம் ஒரு சிறு புரதத்தைக் குருதிக்குள் விடும். அது இன்னொரு கலத்துக்குப் போய்ச் சேர்ந்து "வளரு", "பிரி", "விரி", "சாகு" என்று ஏதோ ஒரு செய்தியைச் சொல்லும். போய்ச் சேருகிற இடத்தில் அந்தச் செய்தியைப் பிடிக்க ஒரு புரதம் நிற்கவேண்டும். அதைத்தான் எங்கட பாடப்புத்தகங்கள் "வாங்கி" என்கின்றன. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் "ஏற்பி" என்று இருக்கும். எனக்கு வாங்கிதான் பிடிக்கும். வாங்குவதுதானே அதன் வேலை.

சாதாரண வாங்கிக்கு மூன்று பகுதி இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டு செய்தியைப் பிடிக்கும் கை. கல மென்சவ்வைத் துளைத்துக்கொண்டு நிற்கும் நடுத்துண்டு. கலத்துக்குள் இருந்து செய்தியை உள்ளே சொல்லும் வால். படலையில் பூட்டியிருக்கும் தபால் பெட்டியை நினையுங்கள். வாய் தெருப்பக்கம், கதவு வளவுப் பக்கம். தபால்காரர் வெளியே இருந்து போடுவார், வீட்டுக்காரர் உள்ளே இருந்து எடுப்பார்.

இப்போது, அதே மாதிரியான பெட்டிகளை யாரோ செய்து, எந்தப் படலையிலும் பூட்டாமல் தெரு முழுக்கப் போட்டுவிட்டால் என்ன நடக்கும்? தபால்காரர் கண்ட பெட்டியில் எல்லாம் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஒரு கடிதமும் தொலையவில்லை. ஆனால் ஒருவரும் வாசிக்கப்போவதும் இல்லை. கையை மட்டும் வைத்துக்கொண்டு, நடுத்துண்டும் வாலும் இல்லாமல் குருதியில் மிதக்கிற இந்தப் பெட்டிதான் கரையும் வாங்கி.

உடம்பு இதை இரண்டு வழியில் செய்யும். ஒன்று, கலத்தின் மேல் நிற்கிற வாங்கியை ஒரு நொதியம் கத்தரிக்கோல் மாதிரி வெட்டி விடும். மற்றது, மரபணுவின் செய்தியை ஒட்டும்போதே சில துண்டுகளை விட்டுவிட்டு, பிறப்பிலேயே குட்டையான வாங்கியைச் செய்யும். எஸ்-ஃபிளிற்-1 இரண்டாவது வகை. முழு வாங்கியான ஃபிளிற்-1இன் மரபணுவை யப்பானில் 1990இல் கண்டுபிடித்தார்கள். அதே மரபணுவில் இருந்து குட்டையான, கரையும் வடிவம் ஒன்றும் வருகிறது என்பதைக் கெண்டலும் தோமசும் 1993இல் காட்டினார்கள். பத்து வருடம் கழித்துத்தான் அது தாய்மாரின் நோயோடு தொடுபட்டது.

இது பிடிக்கிற செய்தியின் பெயர் வீ.ஈ.ஜீ.எஃப். குருதிக்குழாய்களின் உட்சுவரில் இருக்கும் கலங்களை வாழவைக்கிற செய்தி. அதன் சொந்தக்காரன் பீ.எல்.ஜீ.எஃப். கொடியே செய்கிற செய்தி. எஸ்-ஃபிளிற்-1 இரண்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அந்தச் செய்தி வராவிட்டால் என்ன? குழாய்ச் சுவர்கள் நைத்திரிக் ஒட்சைட்டு விட்டுக் குழாயைத் தளர்த்துவது குறையும். குழாய் இறுகும், பிறசர் ஏறும். சிறுநீரகத்தில் குருதியை வடிக்கிற நுண்குழாய்களுக்கும் இதே செய்தி தினமும் தேவை. வராவிட்டால் அந்தக் கலங்கள் வீங்கும், வடி கெட்டுப்போகும், புரதம் சிறுநீரில் ஒழுகும். அக்காவின் பட்டி பச்சையாக மாறியது அதனால்தான். மூளையின் குழாய்கள் கசிந்தால் தலையிடி, கண்ணில் பூச்சி, கடைசியில் வலிப்பு.

சும்மா ஊகம் இல்லை இது. கருமஞ்சி குழு எஸ்-ஃபிளிற்-1ஐச் செய்யவைக்கிற மரபணுவை எலிகளுக்குள் ஏற்றிப் பார்த்தது. சினை எலிகளுக்குப் பிறசர் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது, சிறுநீரகக் கலங்கள் நோயாளித் தாய்மாரில் வீங்குவது மாதிரியே வீங்கின. சினைப்படாத எலிகளுக்கும் அதே கதிதான். அதாவது கொடி இல்லாமலே, இந்த ஒரு புரதத்தை மட்டும் கொடுத்தே நோயின் பெரும் பகுதியை உண்டாக்கலாம். இன்னொரு சாட்சி புற்றுநோய் வார்ட்டில் இருந்து வந்தது. வீ.ஈ.ஜீ.எஃப்ஐத் தடுக்கிற பெவசிசுமாப் என்ற மருந்து ஏற்றுகிறவர்களுக்கும் பக்கவிளைவாகப் பிறசர் ஏறுகிறது, சிறுநீரில் புரதம் போகிறது. கிழவருக்கும் போகிறது. அவர் எந்தக் கருவாட்டைச் சாப்பிட்டார்?

2004இல் அடுத்த ஆய்வு வந்தது. நோய் வெளியே தெரிவதற்கு ஏறக்குறைய ஐந்து கிழமைக்கு முன்பே தாயின் குருதியில் எஸ்-ஃபிளிற்-1 ஏறத் தொடங்கிவிடுகிறது. நான் கலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தேன். அக்காவுக்கு அது மாசி மாதக் கடைசி. அந்தக் கிழமைதான் அவவுக்கு வளைகாப்பு. எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் போனில் இருக்கிறது. மாமி சந்தனம் பூசுகிறா. அந்தப் படத்திலேயே அது தொடங்கியிருக்கக்கூடும். யாருக்கும் தெரியாது, யாராலும் சாப்பாட்டாலோ ஓய்வாலோ மறித்திருக்கவும் முடியாது.

*

கரையும் வாங்கி என்றால் கெட்ட சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு கண்ணைப் பற்றி வாசித்தேன்.

எங்கட கண்ணின் முன்பக்கம் இருக்கிற விழிவெண்படலம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருப்பதற்குக் காரணம், அதற்குள் ஒரு குருதிக்குழாய்கூட இல்லை. சுற்றிவர எல்லா இடத்திலும் குழாய்கள் இருக்க, இதற்குள் மட்டும் ஏன் வளரவில்லை? வேலூரில் பிறந்த பாலமுரளி அம்பாட்டியும் அவருடைய சகோதரர் ஜெயகிருஷ்ணாவும் அவர்களுடைய குழுவும் 2006இல் விடை சொன்னார்கள். அங்கே எஸ்-ஃபிளிற்-1 நிறைய இருக்கிறது. குழாயை வளர்க்கச் சொல்லும் செய்தியை அது பிடித்து வைத்திருப்பதால்தான் நாங்கள் உலகத்தைப் பார்க்கிறோம். எலியின் கண்ணில் அதை நீக்கினால் குழாய்கள் உள்ளே வளருகின்றன. அமெரிக்கக் கரைகளில் வாழும் மனாட்டி என்ற கடல்விலங்கின் விழிவெண்படலத்தில் மட்டும் இயற்கையாகவே குருதிக்குழாய் இருக்கிறது. சோதித்துப் பார்த்தால் அதில் எஸ்-ஃபிளிற்-1 இல்லை. ஆனால் அதன் ஒன்றுவிட்ட சகோதரமான கடற்பசுவின் கண்ணில் இருக்கிறது, படலமும் தெளிவாக இருக்கிறது. கடற்பசு என்றால் எங்கட மன்னார்க் கடலில் சாதாளையைத் தின்றுகொண்டு திரிகிற அதே ஆவுளியாதான்.

ஒரே புரதம்தான். கண்ணில் இருக்கவேண்டிய அளவில் இருந்தால் பார்வை. கொடியில் இருந்து கணக்கில்லாமல் குருதிக்குள் வந்தால் நோய்.

மனிதர்களும் இந்தத் தந்திரத்தைப் படித்துக்கொண்டார்கள். ரீ.என்.எஃப் என்ற அழற்சிச் செய்தியைப் பிடிக்கிற கரையும் வாங்கிகளை 1980களின் கடைசியில் மனிதரின் சிறுநீரில் இருந்தே பிரித்தெடுத்தார்கள். பிறகு அதே மாதிரி ஒன்றை ஆய்வுகூடத்தில் செய்து எட்டனர்செப்ற் என்ற பெயரில் மூட்டுவாதத்துக்கு மருந்தாக்கினார்கள், 1998இல். நீரிழிவால் கண் கெட்டவர்களுக்குக் கண்ணுக்குள் போடுகிற அஃபிளிபர்செப்ற் ஊசி, இந்த ஃபிளிற்-1இன் ஒரு துண்டையும் அதன் சகோதர வாங்கி ஒன்றின் துண்டையும் ஒட்டிச் செய்தது. அக்காவை வருத்திய அதே தந்திரம் வேறு யாரோ ஒரு அம்மம்மாவின் கண்ணைக் காப்பாற்றுகிறது.

எல்லாக் கரையும் வாங்கியும் செய்தியைத் தடுக்கிறதும் இல்லை. இன்ரலூக்கின்-6 என்ற செய்தியின் கரையும் வாங்கி நேர் எதிர். செய்தியைப் பிடித்துக்கொண்டு போய், அதற்கென்று சொந்த வாங்கி இல்லாத கலத்துக்கும் கொடுத்துவிடும். தெருவில் கிடந்த பெட்டி நடந்துபோய்ப் பெட்டியே இல்லாத வீட்டுக்கும் கடிதம் கொடுக்கிற மாதிரி. கம்பஸில் எங்களுக்கு வாங்கியைப் படம் கீறிக் காட்டும்போது அது எப்பவும் சவ்வில் குத்திக்கொண்டு அசையாமல் நிற்கும். அது கழன்று ஊர்சுற்றும், ஊர்சுற்றும்போது வேறு வேலை செய்யும் என்று அந்தப் படம் சொல்லவில்லை.

*

கொடி ஏன் அளவுக்கு மிஞ்சி இதைச் செய்கிறது? முழு விடை இன்னும் இல்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில், கருப்பையின் ஒடுங்கிய நாடிகளைக் கொடியின் கலங்கள் அரித்து அகலமாக்க வேண்டும். அது சரியாக நடக்காவிட்டால் கொடிக்குக் குருதி போதாது, ஒட்சிசன் போதாது. பட்டினி கிடக்கிற கொடி எஸ்-ஃபிளிற்-1ஐக் கூட விடுகிறது. இரட்டைப் பிள்ளைக் கர்ப்பத்தில் கொடி பெரிது, ஆபத்தும் கூட. ஃபிளிற்-1இன் மரபணு 13ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. பிள்ளைக்கு அந்த நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருந்தால், தாய்க்கு இந்த நோய் வருவதும் கூடுகிறது. முதல் கர்ப்பம், ஏற்கெனவே இருக்கும் பிறசர், நீரிழிவு, சிறுநீரக நோய், தாய்க்கோ சகோதரிக்கோ வந்திருப்பது, இவையெல்லாம் ஆபத்தைக் கூட்டும். கோபம் அந்தப் பட்டியலில் இல்லை. போனும் இல்லை. கண்ணூறும் இல்லை.

இப்போது குருதியில் எஸ்-ஃபிளிற்-1க்கும் பீ.எல்.ஜீ.எஃப்க்கும் உள்ள விகிதத்தை அளக்கலாம். சந்தேகத்தோடு வந்த தாய்க்கு விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அடுத்த ஒரு கிழமைக்கு நோய் வராது என்று 99 வீதத்துக்கு மேல் உறுதியாகச் சொல்லலாம் என்று 2016இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் இப்படியான சோதனைக்கு 2023 மே மாதம்தான் அனுமதி கிடைத்தது. குருதியில் இருந்து எஸ்-ஃபிளிற்-1ஐ வடித்து எடுத்துக் கர்ப்பத்தைச் சில நாளாவது நீட்டலாமா என்று 2011இல் ஒரு சிறு முயற்சி வெளிவந்தது. கொடி அதைச் செய்யாமலே மறிக்கிற மருந்தைப் பபூன் குரங்குகளில் பார்த்து 2018இல் எழுதினார்கள். தாய்மாருக்கென்று வழக்கத்துக்கு வந்த மருந்து இன்னும் இல்லை. ஆனால் ஒரு பழைய, மலிந்த மருந்து இருக்கிறது. ஆபத்துக் கூடிய தாய்மாருக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை தினமும் 150 மில்லிகிராம் அஸ்பிரின் கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன் வருகிற பிறீ-எக்லம்சியா 62 வீதம் குறைந்தது. அது 2017இல் வந்த ஆய்வு. வைத்தியர் சொல்லாமல் யாரும் போடவேண்டாம். ஆனால் முதல் பிள்ளைக்கு இது வந்திருந்தால், அடுத்த முறை முதல் கிளினிக்கிலேயே வாயைத் திறந்து சொல்லுங்கள்.

இவ்வளவையும் வாசித்து முடித்தபோது எனக்கு மிஸ்ஸியின் விரல்தான் ஞாபகம் வந்தது. அக்காவைக் காப்பாற்றியது எந்த விகிதமும் இல்லை. காலில் அமத்திய ஒரு விரல், ஒரு பிறசர் மெசின், ஒரு பட்டி. வீடு தேடி வருகிற ஒரு மனிசி.

*

அக்காவுக்குச் சொல்லவேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நான் வாசித்தது எல்லாம் இங்கிலிஷ். அக்காவோடு நான் கதைப்பது தமிழ். "டிகோய் ரிசெப்ரர்" என்று தொடங்கினால் அவ கொட்டாவி விடுவா.

அக்கா கலியாணம் கட்டி இருப்பது மானிப்பாயில். கிறீன் ஞாபகார்த்த ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் அவ வீட்டுக்குப் போகவேண்டும். சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷனரி வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் எங்கட ஆக்களுக்கு மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர். மாணவர்களோடு சேர்ந்து புத்தகங்களை மொழிபெயர்த்தார். பிரசவம் பற்றிய புத்தகம், பெயர் "பிரசவ வைத்தியம்", 1857இல் வந்துவிட்டது. இரசாயனத்துக்கு அவர் வைத்த பெயர் "கெமிஸ்தம்". கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், சொல் இல்லை என்று அவர் நிற்கவில்லை என்பது தெரிகிறது. 160 வருடத்துக்கு முன் அதே ரோட்டில் யாரோ பிரசவத்தைத் தமிழில் விளங்கப்படுத்தியிருக்கிறார்கள். என்னால் என் சொந்த அக்காவுக்கு ஒரு புரதத்தைச் சொல்ல முடியாதா?

ஒரு பின்னேரம் விறாந்தையில் இருந்து சொன்னேன். கொடி, கடிதம், தபால் பெட்டி, தெருவில் உருளுகிற பெட்டிகள். கொப்பியில் கீறிக் காட்டினேன். அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டா.

"அப்ப நான் உப்பைக் குறைச்சிருந்தா?"

"இல்லை அக்கா."

"வேலைக்குப் போகாமல் படுத்திருந்தா?"

"இல்லை."

"அண்டைக்கு அத்தானோட சண்டை பிடிச்சன் எல்லே?"

"அதுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது உன்ர கொடியில, நாலு மாசத்துக்குள்ளயே தொடங்கின அலுவல்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு அழுதா. சத்தம் போட்டு இல்லை.

மாமி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவவும் இருந்தா. ஏதாவது குத்தலாகச் சொல்லப்போகிறா என்று நான் தயாராக இருந்தேன். அவ கேட்டது வேறு.

"வலிப்பும் இதாலதானோ வாறது?"

ஓம் என்றேன்.

மாமிக்கு ஒரு அக்கா இருந்தவ என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். 1995 ஒக்ரோபர் 30, வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டபோது அவவுக்கு எட்டு மாசம். மழைக்குள் நடந்து தென்மராட்சிக்குப் போய், கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறார்கள். கால் வீங்கியிருந்தது. நடந்த வீக்கம் என்று நினைத்திருக்கிறார்கள். தலையிடி என்றாவாம். ஒரு நாள் விடியப்புறம் கை கால் இழுக்கத் தொடங்கியது. கையில் இரும்பைக் கொடுத்தார்கள். பேய் பிடித்துவிட்டது என்றும் யாரோ சொன்னார்கள். வாகனம் கிடைக்கவில்லை. தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

"தலையிடிக்குது எண்டு எனக்குத்தான் சொன்னவ. நான் சின்னப்பிள்ளை, பன்ரண்டு வயசு. அம்மாட்டச் சொல்ல மறந்திட்டன்."

28 வருடமாக மாமி அதைக் கொண்டுதிரிந்திருக்கிறா. "கவனமா இரு பிள்ளை எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான்" என்று அவ சொன்னது அக்காவைக் குற்றம் சாட்ட மட்டும் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. நான் வைத்தியர் இல்லை, நோயாளியைப் பார்க்காமல் நோய் சொல்லவும் கூடாது. ஆனால் எட்டு மாசம், வீக்கம், தலையிடி, வலிப்பு. நான் மாமிக்கும் கொப்பியைத் திருப்பிக் காட்டினேன். "நீங்கள் சொல்லியிருந்தாலும் அண்டைக்கு அங்க பிறசர் பாக்க ஆர் இருந்தது மாமி? மறந்ததால இல்லை" என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போக வழியே இல்லாமல் போனதற்கு யார் பொறுப்பு என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் எந்தக் கலத்திலும் இல்லை.

மாமி ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டா.

*

மருமகனுக்கு இப்போது இரண்டு வயது முடிந்துவிட்டது. அக்கா வருடத்துக்கு ஒரு தடவையாவது பிறசர் பார்க்கிறா. பிறீ-எக்லம்சியா வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் பிறசரும் இருதய நோயும் வருகிற ஆபத்துக் கூட. கொடி போனதோடு எல்லாம் முடிந்துவிடாது. பிரசவத்துக்குப் பிறகும் சில நாட்களுக்குள், சிலவேளை சில கிழமைக்குள்ளும் வலிப்பு வரலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

போன மாதம் அக்காவோடு மகனுக்கு ஊசி போட கிளினிக்குக்குப் போயிருந்தேன். வாங்கில் பக்கத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தா. ஏழு மாசம் இருக்கும். நெற்றியைப் பிடித்துக்கொண்டு "ராத்திரி முழுக்கத் தலையிடி, ரண்டு பனடோல் போட்டனான்" என்று தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தா. அக்கா பிள்ளையை என் கையில் தந்துவிட்டு எழும்பினா.

"தங்கச்சி, வரிசையில இருக்காதயும். எழும்பி வாரும், முதல்ல பிறசரைப் பாப்பம்."